எட்டாம் நம்பர் மெஷினைத் துப்புரவாக்கிய கதை

போன மாதம் எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியில் குடியிருக்கும் மூன்று பிள்ளைகள் என் கதவைத் தட்டினார்கள். மூவரும் கணினிப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். டிஸ்க்கைத் துப்புரவாக்க நல்ல கமாண்ட் ஒன்று சொல்லும்படி கேட்டார்கள். இப்போது எல்லாம் தானாகவே நடக்கிறதாம், மெஷினே தன் குப்பையைத் தானே அள்ளிக் கொட்டுகிறதாம், ஆனாலும் பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் நல்லதாம். ‘தானாக’ என்ற சொல்லே எனக்கு ஆகாது. எது குப்பை என்று அதற்கு யார் சொன்னது? இதைக் கேட்டதும் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. சிரிக்கட்டும். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, என் சந்தேகம் இன்னும் ஓய்வு பெறவில்லை. கமாண்டை அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கதையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் கணினி படித்தது மருதானையில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி வகுப்பில். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. ஆறு மாதம் படித்ததில் இன்றுவரை கைகொடுப்பது ஒரே ஒரு பழக்கம். அழிக்கிற கமாண்டை அடிக்க முதல், அதே அடையாளங்களைப் போட்டுப் பட்டியல் காட்டுகிற கமாண்டை அடித்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் வருவதுதான் அழியப்போவது. வகுப்பில் ஒருத்தி இதைச் செய்யாமல் எல்லாக் கோப்பையும் குறிக்கும் ஒரு நட்சத்திரக் குறியை மட்டும் நம்பி அழித்தாள். ஆசிரியரின் ஒரு தவணைப் பாடக்குறிப்பு முழுவதும் போனது. அவள் அழுத அழுகையைப் பார்த்தபின் எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். நான் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

என் கடைசிப் பத்தொன்பது வருட வேலை கொட்டாஞ்சேனையில் ஒரு மொழிபெயர்ப்புக் கந்தோரில். வெளிநாடு போகிறவர்களுடைய பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்து உறுதிப்படுத்திக் கொடுக்கும் அலுவலகம். ஒன்பது மெஷின், ஒரு சேர்வர். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி.

கந்தோரின் சொந்தக்காரரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் அழைப்போம். சத்தம் போடாத மனிதர். ஆனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். வெறும் தாளாக இருந்தாலும் இரண்டு விநாடி பார்ப்பார். பிறகு நிதானமாகத் திருப்பி முன்பக்கத்தை வாசிப்பார். லீவுக் கடிதமோ கலியாண அழைப்பிதழோ, எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“முன்னால எழுதினது காட்டுறதுக்கு எழுதினது மிஸ். பின்னால ஈக்குறதுதான் ஊட்டுக் கத” என்றார். பின்பக்கத்தில் இருப்பதுதான் வீட்டின் உண்மைக் கதையாம்.

அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு தனி மதிப்பு. இனம் இனத்தோடு சேரும் என்பது சும்மா சொன்னதில்லை. யாரையும் எதையும் நம்பாத இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் பத்தொன்பது வருடம் ஒற்றுமையாக இருந்தோம்.

அந்தக் கந்தோரில் எல்லோரையும் நம்புகிற ஆள் ஒருவர்தான். பிலோமினா, எல்லோருக்கும் பிலோ. ஐம்பதைத் தாண்டியவர், பிறந்து வளர்ந்ததெல்லாம் கொட்டாஞ்சேனையில்தான். கணவர் காலமானபின் அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, படுக்கையில் இருந்த தாயையும் அவர்தான் பார்த்தார். எட்டாம் நம்பர் மெஷின் அவருடையது. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்வார். ஒரு முறை பிரின்டர் பழுதென்று ஒரு தாள் எழுதி அதன் மேல் ஒட்டினேன். திருத்தியபின் தாளைக் கிழிக்க மறந்துவிட்டேன். மற்றவர்கள் பிரின்ட் எடுத்துக்கொண்டிருக்க, பிலோ மட்டும் மூன்று நாள் அடுத்த அறைக்கு நடந்து நடந்து பிரின்ட் எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “தாள் இன்னும் அங்கதானே மிஸ் இருக்கு” என்றார். அன்றைக்கு எல்லோரும் அவரைக் கேலி பண்ணினோம். எல்லோரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொருளாதார நெருக்கடி வருடத்து மின்வெட்டெல்லாம் ஓய்ந்து, புதுச் சேர்வர் வாங்கி, எல்லாம் சீராக ஓடிய காலம். மெஷின்களுக்குப் போட்ட புது டிஸ்க்குகள் வேகமானவை, ஆனால் சின்னவை. ஒவ்வொன்றாக நிரம்பிச் சிவப்புக் காட்டத் தொடங்கின. சேவ் பண்ண முடியவில்லை என்று நாளுக்கு நாலு பேர் என்னிடம் வந்தார்கள். கையால் துப்புரவாக்கிக் கட்டாது என்று தெரிந்து ஒரு மென்பொருள் கருவியைத் தேடினேன்.

கருவியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யோசிக்காமல் அதையே போடுவீர்கள். அது இலவசம், எனக்கு முதல் சந்தேகமே அதுதான். தேடிப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே பெயரில் நாலு தளங்கள் வேறு. செய்தவர்களுடைய தளம் எது என்று உறுதிப்படுத்தி அங்கிருந்து மட்டும் இறக்கினேன். கோப்பின் கைரேகை போல ஒரு நீண்ட குறியை அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். இறக்கிய கோப்பிலிருந்து அதே குறியைக் கணக்கிட்டு, அறுபத்துநாலு எழுத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். மவுஸால் நிறுவினால் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போகிற போக்கில் ஏதாவது வேண்டாததையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். கமாண்ட் லைனில் அப்படியில்லை, எது வேண்டும், எது வேண்டாம், எங்கே போக வேண்டும் என்று ஒரே வரியில் கட்டளை போடலாம். சத்தமில்லாமல் நிறுவு என்பதற்கும் ஒரு குறி உண்டு. சத்தமில்லாமல் நடக்கும் எதையும் நான் விடுவதில்லை. முதலில் என் மெஷினில் அந்தக் குறி இல்லாமல் நிறுவி, அது என்னென்ன கேட்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் மற்ற எட்டுக்கும் என் இருக்கையில் இருந்தபடி போட்டேன்.

அந்தக் கருவிக்கு மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். ‘லிஸ்ட்’ என்றால் எதையெல்லாம் துப்புரவாக்க அதற்குத் தெரியும் என்று சொல்லும். ‘பிரிவியூ’ என்றால் எதை அழிக்கப்போகிறது, எவ்வளவு இடம் கிடைக்கும் என்று சொல்லும், ஒன்றையும் தொடாது. ‘கிளீன்’ என்றால் அழிக்கும், கேள்வி கேட்காது. பிள்ளைகளே, எங்களுக்குச் சம்பளம் தருவது அந்த இரண்டாவது சொல்லுக்குத்தான்.

திங்கள் முதல் சனி வரை ஒரு கிழமை முழுவதும் பிரிவியூ மட்டும் ஓடவிட்டேன். வந்த பட்டியல்களை அச்சிட்டு ஹாஜியாரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு முன்பக்கத்தில் ஒப்பமிட்டார். அதன்பின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளீன் ஓடும்படி நேரம் குறித்தேன். எட்டு மெஷின்களுக்கு மூச்சு வந்தது. எட்டாம் நம்பர் மட்டும் நாலு நாளில் மறுபடி சிவப்பு.

அந்த நாட்களில் கந்தோரில் வேறொரு புகையும் கிளம்பியிருந்தது. எங்களிடம் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு யாரோ ஒரு வெளி முகவர் போன் எடுத்து, உங்களுடைய மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது, விசா வேலையை நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்று சொல்கிறாராம். மூன்று பேர் வந்து முறைப்பட்டார்கள். பெயரும் நம்பரும் அந்த ஆளுக்கு எப்படிப் போனது? உள்ளே யாரோ விவரம் கடத்துகிறார்கள் என்று ஹாஜியார் என்னிடம் மட்டும் சொன்னார். அந்தக் கிழமையிலிருந்து ஒவ்வொருவருடைய கைப்பையையும் நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

எட்டாம் நம்பருக்குள் நுழைந்து ஃபோல்டர்களின் அளவைக் கேட்டேன். சி டிரைவில் நேரடியாக டெம்ப், அதாவது தற்காலிகம், என்று ஒரு ஃபோல்டர், அறுபது ஜிபி. விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் டெம்ப் வேறு. இது ஆள் கையால் உருவாக்கியது, அதனால்தான் கருவி இதைத் தொடவில்லை. திறந்து பார்த்தேன். உள்ளே வாடிக்கையாளர்களின் மூலச் சான்றிதழ்கள், ஸ்கேன் செய்தபடி. வருடம், மாதம், நாள் என்று அழகாக அடுக்கியிருந்தது. சேர்வரில் இருக்க வேண்டியவை. சேர்வரில் தேடினேன். அந்தத் திகதிகளுக்குரிய பிலோவுடைய மொழிபெயர்ப்புகள் இருந்தன, ஸ்கேன் ஒன்றுகூட இல்லை.

அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. மறதியில் விட்ட குப்பை இப்படி இருக்காது. இது ஒரு ஆள் கவனமாகச் சேர்த்து வைத்தது. எதற்கு?

பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகவே தெரிந்தது. பிலோவின் சாவிக்கொத்தில் மாதா படத்தோடு ஒரு பென் டிரைவ் தொங்கும். இத்தனை வருடம் கண்ணில் படாதது அந்தக் கிழமை கண்ணைக் குத்தியது. எல்லோரும் சாப்பிடப் போனபின் அவர் பத்து நிமிடம் மெஷினுக்கு முன்னால் தனியே இருப்பதையும் கவனித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அரண்டவனுக்குத் தான் அரண்டிருப்பது தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த ஃபோல்டரின் பட்டியலை அச்சிட்டுக்கொண்டு ஹாஜியாரின் அறைக்குப் போனேன். அவர் பின்பக்கத்தைப் பார்த்தார், முன்பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்க ஷுவரா மிஸ்?”

“பட்டியல் எடுத்துப் பாத்திட்டன் ஹாஜியார்” என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. என் சொல்லுக்கு அவரிடம் அவ்வளவு மதிப்பு. திங்கட்கிழமை காலை பிலோவைக் கூப்பிட்டு விசாரித்து, வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தையும் அப்போதே கொடுப்பதென்று முடிவாயிற்று. கடிதத்தை அவரே தட்டச்சு செய்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அந்த அறுபது ஜிபியையும் சாட்சிக்காக ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதையும் அதே லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்கு எல்லோரும் போனபின், இனி ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்று, சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரைக் கருவியின் பட்டியலில் என் கையாலேயே சேர்த்தேன். பிரிவியூ அடித்தேன். பதினோராயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் ஓடின. நேற்றுப் பார்த்ததுதானே என்று இருந்துவிட்டேன். பிறகு கிளீன். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஒரு கள்ளரைப் பிடித்த திருப்தியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொன்னால், அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை எட்டரைக்குப் பிலோ நேரே என் மேசைக்கு வந்தார். டெம்ப்பில் வைத்திருந்ததெல்லாம் காணவில்லை, சனிக்கிழமை போட்ட ஏழு பேருடைய ஸ்கேனும் போய்விட்டது, வைரஸ் ஏதும் வந்துவிட்டதா என்று பதறினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் திறக்கமாட்டான் என்பது பழமொழி. இவரோ என் மேசைக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போடுகிறார். அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நடிப்பும் வருகிறதே என்றுதான் நினைத்தேன். ஹாஜியார் கூப்பிடுகிறார் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனேன்.

ஹாஜியார் வழமைபோலத் தணிந்த குரலில்தான் கேட்டார். ஆட்களுடைய சான்றிதழ்களை உங்களுடைய மெஷினில் ஏன் சேர்த்து வைத்தீர்கள்? யாருக்குக் கொடுக்க? பிலோவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஹாஜியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மிஸ் தானே அங்க போடச் சொன்னீங்க.”

“நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை” என்றேன்.

பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு நினைவில் இல்லை. பிலோ வாதாடவில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே போய், தன்னுடைய விசைப்பலகையைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கவிழ்த்தார். அடியில் செலோடேப்பால் ஒட்டியிருந்த ஒரு தாளைக் கிழியாமல் மெதுவாக உரித்து ஹாஜியாரிடம் நீட்டினார்.

ஹாஜியார் முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். அது நெருக்கடி வருடத்தில் அச்சிட்ட மின்வெட்டு நேர அட்டவணை. ஏ, பி, சி என்று பிரித்த எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று கட்டம் கட்டமாக இருந்தது. பிறகு முன்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். தாளை என் பக்கம் தள்ளினார்.

நீல மையில் என் கையெழுத்து. “ஸ்கேன்களைச் சேர்வரில் போட வேண்டாம். சி டிரைவில் டெம்ப் ஃபோல்டரில் போடவும். பின்னேரம் நான் எடுப்பேன். நான் வேறு விதமாகச் சொல்லும் வரை இப்படியே செய்யவும்.”

அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. அந்த வருடம் நாளுக்கு இரண்டு தரம் கரண்ட் போகும். பழைய சேர்வரின் பற்றரி செத்துக் கிடந்தது. ஸ்கேன் பாதியில் நின்று கோப்புகள் பழுதாயின. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டெம்ப் ஃபோல்டரை நானே உருவாக்கி, ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுத்து, பின்னேரங்களில் அவற்றைச் சேர்வருக்கு எடுக்க கமாண்டுகளைக் கோத்து ஒரு சின்ன ஸ்கிரிப்டும் எழுதி வைத்தேன். புதுச் சேர்வர் வந்தபோது அந்த ஸ்கிரிப்ட் பழையதோடு போயிற்று. மற்றவர்கள் இனி நேரே போடலாமா என்று போகிற வருகிற வழியில் கேட்டார்கள், நான் தலையாட்டியிருப்பேன். பிலோ கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? நான் வேறு விதமாகச் சொல்லும் வரை என்று எழுதியிருந்தது. நான் சொல்லவில்லை.

கருவியைச் சந்தேகித்தேன், அதைச் செய்தவர்களைச் சந்தேகித்தேன், கூட வேலை செய்தவர்களின் கைப்பைகளைச் சந்தேகித்தேன். அறுபத்துநாலு எழுத்தை விரல் வைத்து ஒப்பிட்ட எனக்கு, பிலோவிடம் போய் “இது என்ன?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹாஜியார் லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“இப்ப இத யாருக்குக் குடுக்குற மிஸ்?” என்று கேட்டார்.

பிறகு அவரே அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிலோ கூடையைப் பார்த்தார். அது என்ன கடிதம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கிவிட்டது. முகம் ஒரு மாதிரி வெளிறிப் போனது. அந்தச் சம்பளம் நின்றிருந்தால் அந்த வீடு என்னவாகியிருக்கும் என்று எனக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது.

லாச்சியிலிருந்த டிஸ்க்கால் பழைய ஸ்கேன்கள் எல்லாம் தப்பின. என் பிரதியில் இல்லாதவை சனிக்கிழமை காலையில் போட்ட ஏழு மட்டும். பட்டியலின் கடைசி ஏழு வரிகள் அவைதான், நான் வாசிக்காமல் விட்டவை. அந்த ஏழு பேருக்கும் பிலோவே போன் எடுத்தார். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு வயதானவர் மூலப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். பிழை எங்களுடையதுதான் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பிலோ அவருக்குச் சொல்வதை நான் என் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முகவருக்குப் பெயர்கள் போன வழியும் அதே கிழமை தெரிந்தது. வேலை முடிந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் அச்சிட்டு வாசல் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டுவது எங்கள் வழக்கம். ஆட்கள் உள்ளே வந்து நெருக்குப்படாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஹாஜியார்தான் தொடங்கி வைத்தார். பஸ்ஸுக்கு நிற்கிற எவனும் வாசிக்கலாம். ஒரு நாள் வெளியே நின்று அதைக் கண்ட ஹாஜியார், தானே உரித்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாத் தாளுக்கும் பின்பக்கம் பார்த்த மனிதர் தன் வாசலில் இருந்த முன்பக்கத்தைப் பார்த்ததில்லை. நானும்தான். பிலோவின் பென் டிரைவில் இருந்தவை கோயில் பாட்டுக் குழுவின் பாட்டுகள். மத்தியானத்தில் பத்து நிமிடம் கேட்டுப் பழகுவாராம்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே நான் பிலோவின் மேசைக்குப் போனேன்.

“பிழை என்னில பிலோ. உம்மைக் கள்ளி எண்டு நினைச்சிட்டன்” என்றேன்.

“பரவாயில்ல மிஸ்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் வேலையைப் பற்றிக் கதைத்தேன். இனி டெம்ப் வேண்டாம், ஸ்கேன்களை நேரே சேர்வரில் போடலாம் என்றேன். பிலோ தலையாட்டினார், ஆனால் கை விசைப்பலகைக்குப் போகவில்லை. லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எழுதித் தாங்க மிஸ். கையெழுத்தும் டேட்டும் போடுங்க. எந்த நாள் வரைக்கும் எண்டும் எழுதுங்க.”

நின்றபடியே குனிந்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு, திகதி போட்டு நீட்டினேன். பிலோ அதை வாங்கி, முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் முன்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார்.